ஆடிஷனில் விட்னி ஹூஸ்டன் பாட்டு: பாடலாமா, கூடாதா? வீட்டில் ஒரே சண்டை

வில்லாபுரத்தான் (திங்கள், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பாட்டு கேட்கத் தெரியும், பாடத் தெரியாது. அக்கா மகளுக்காகக் கேட்கிறேன்.

பிள்ளைக்கு 18 வயது. சர்ச் கொயரில் ஆறு வருடமாக ஆல்ட்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்) பாடுகிறாள். அடுத்த மாதம் ஒரு சேனலின் பாட்டுப் போட்டிக்கு மதுரையில் ஆடிஷன். தமிழில் ஒரு பாட்டு, அப்புறம் எந்த மொழியிலாவது ஒரு பாட்டு தயார் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது பாட்டுக்கு விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அக்கா, "சாமி பாட்டு மாதிரி அடக்கமாக ஏதாவது பாடு" என்கிறாள். அத்தான், "மதுரையில் நின்று இங்கிலீஷ் பாட்டு பாடினால் எவன் எடுப்பான்?" என்கிறார். மூன்று பேருக்கும் நடுவில் நான் மத்தளம்.

போன வருடமும் வேறொரு சேனலின் ஆடிஷனுக்குக் கூட்டிப்போனேன். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று, சாயங்காலம் நாலரைக்கு உள்ளே விட்டார்கள். போனவள் டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜிகர்தண்டா (திங்கள், இரவு 9.52)

வேண்டாம் அண்ணே. கடைசியில் எல்லாம் நின்று, டொம் என்று ஒரு டிரம் விழும் பாருங்கள், அதற்கு அடுத்த இடத்தில் தொண்டை கிழியும். உலகம் முழுக்க இந்தப் பாட்டைப் பாடி மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் வீடியோ மட்டுமே ஒரு வண்டி இருக்கிறது.

பழைய கேசட் (திங்கள், இரவு 10.35)

ஒரு சின்னத் திருத்தம். அது விட்னியின் பாட்டே இல்லை. அவர் பாடியதே கவர்தான், அதாவது வேறொருவர் பாட்டை மறுபடி பாடியது.

எழுதியது அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன், 1973-இல். தன்னை டிவியில் அறிமுகப்படுத்திய போர்ட்டர் வேகனரை விட்டுப் பிரிந்து தனியாகப் போக முடிவெடுத்தபோது, அவரிடம் விடைபெற எழுதிய பாட்டு. 1974-இல் அமெரிக்க கன்ட்ரி (கிராமிய இசை) பட்டியலில் முதலிடம். 1982-இல் அவரே மறுபடி பதிவு செய்து மறுபடியும் முதலிடம். அந்தப் பழைய பதிவைக் கேளுங்கள், மூன்று நிமிடம்கூட வராது. ஒரு சரணத்தை அவர் பாடவே மாட்டார், பேசுவார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வது போல இருக்கும்.

நடுவில் எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜர் கர்னல் பார்க்கர், பாட்டின் பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்றார். டாலி அழுதுகொண்டே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிறகு 1992-இல் விட்னி ஒரு படத்துக்காகப் பாட, அது அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. பாதியை எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பணத்தில் பாதி யாருக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பிள்ளை விட்னியை மட்டும் கேட்டுப் பழகியிருந்தால் பாதிப் பாட்டுதான் கேட்டிருக்கிறாள்.

ஆறரைக் கட்டை (செவ்வாய், காலை 6.15)

நேற்று ராத்திரி மேலூர்ப் பக்கம் ஒரு கச்சேரி, இப்போதுதான் வீடு திரும்பினேன். 22 வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜிகர்தண்டா தம்பி சொன்ன டொம்முக்குப் பிறகு என்ன நடக்கிறது தெரியுமா? சுருதியே மாறுகிறது. கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாங்கள் சொல்லும் கணக்கு. அதுவரை 6 கட்டையில் வந்த பாட்டு, டிரம் விழுந்ததும் 7 கட்டைக்கு ஏறிவிடும். நம் பக்கத்து மேடையில் பாடகி சுருதியைப் பிடித்தால் பாட்டு முடியும் வரை அதிலேயே நிற்பார். இங்கே மூன்று நிமிடம் பாடிக் களைத்த தொண்டையோடு, துணைக்கு வாத்தியம் இல்லாத ஒரு நொடி மௌனத்துக்குப் பிறகு, ஒரு முழுக் கட்டை மேலே போய்க் குதிக்க வேண்டும். அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்குத் தொண்டை சரியில்லை என்று அர்த்தமில்லை. அந்த மௌனத்தில் அடுத்த சுருதியை மனதுக்குள் பிடித்திருக்க மாட்டார்கள்.

வழக்கமான வைத்தியம் கட்டையைக் குறைப்பது. 5-இல் தொடங்கினால், ஏறிய பிறகும் 6 தான். விட்னி தொடங்கிய இடத்தில் நீங்கள் முடிப்பீர்கள். ஆனால் ஆரம்ப வரிகள் ஏற்கெனவே தரையில் கிடக்கின்றன. இன்னும் ஒரு கட்டை இறக்கினால் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குக் காற்றுதான் வரும், குரல் வராது. மேலே சரிசெய்தால் கீழே இடிக்கும். இந்தப் பாட்டின் வம்பே அதுதான்.

இன்னொன்று. கோயில் கொடையில், பொங்கல் கச்சேரியில் எங்களுக்கு வரும் துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரோடு நூறு ரூபாய் இருக்கும். அந்த நூறு ரூபாய்க்கு ஜனம் கேட்பது குழாய் ரேடியோவில் கேட்ட அதே பாட்டை. நடுவில் வரும் புல்லாங்குழல் துணுக்கை நான் மாற்றி வாசித்தால் முன்வரிசைப் பெரியவர் கையை ஆட்டி நிறுத்துவார். அச்சு அசலாக இருந்தால்தான் கைதட்டு. அப்படி எங்களோடு பாடித் தேறிய நல்ல பாடகிகளே டிவிக்குப் போய் முதல் சுற்றில் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கு, ஆனா நீ எங்கம்மா?" என்று கேட்டார்களாம். அந்தப் பெண் என்னிடம் வந்து, "அண்ணே, நான் அங்கேதானே நின்றேன்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தெப்பக்குளம் (செவ்வாய், காலை 11.20)

பாட்டு டீச்சராக நான் ஒன்று சொல்லலாமா? காப்பி அடிப்பதை எல்லாரும் ஏன் பாவம் மாதிரி பேசுகிறீர்கள்?

நம் ஊரில் 1922-இல் பிறந்தவர் டி.எம்.சௌந்தரராஜன். ஆரம்பத்தில் அவர் பாடியதைக் கேட்டால் தியாகராஜ பாகவதர்தான் ஞாபகம் வருவார். அந்தச் சாயலில்தான் தொடங்கினார். பிறகு என்ன ஆயிற்று? சிவாஜிக்கு ஒரு தொண்டை, எம்.ஜி.ஆருக்கு ஒரு தொண்டை என்று நடிகரைப் பார்த்துக் குரலை மாற்றும் அளவுக்குப் போனார். ஒருவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவர்தான் அவரும்.

18 வயதுப் பிள்ளையிடம் போய் "உன் சொந்தக் குரலைக் காட்டு" என்று கேட்டால் அது எங்கே போகும்? என்னிடம் வரும் பிள்ளைகளை முதலில் அப்படியே காப்பி அடிக்கத்தான் விடுவேன். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்தை விழுங்குகிறார் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். அது முடிந்த பிறகுதான் மற்றது.

விட்னியும் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவர்தான். அந்தப் பிள்ளைக்கு அது ஒரு தைரியம் கொடுக்கும், சொல்லுங்கள்.

ஜிகர்தண்டா (செவ்வாய், மதியம் 1.05)

டீச்சரக்கா, வீட்டில் காப்பி அடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? டிவியில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அங்கே ரெண்டு பக்கமும் அடி. அப்படியே பாடினால் "கரோக்கி மாதிரி இருக்கு". மாற்றிப் பாடினால் "ஒரிஜினலைக் கெடுத்துட்டே". நடுவர் மேஜையில் யாருக்கு அன்று என்ன தோன்றுகிறதோ அதுதான் தீர்ப்பு. தெரிந்த பாட்டை எடுத்தால் கேட்கிற ஒவ்வொருவன் காதிலும் ரெக்கார்டு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு யார் மல்லுக்கட்டுவது? யாருக்கும் தெரியாத பாட்டைப் பாடிவிட்டுப் போகலாமே.

பழைய கேசட் (செவ்வாய், மாலை 4.30)

தெரியாத பாட்டைப் பாடினால் அதற்கு ஓட்டு விழாது தம்பி. சேனலுக்கும் பிடிக்காது. ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் ஒன்றரை நிமிடத்துக்குள் தலையாட்ட வேண்டும், அதற்குத் தெரிந்த மெட்டு வேண்டும். அதனால்தான் எல்லா நாட்டிலும் அதே இருபது முப்பது பாட்டு சுற்றிச் சுற்றி வருகிறது.

ஆனால் தெரிந்த பாட்டைப் புதிதாகக் காட்டலாம். 2008-இல் அமெரிக்கன் ஐடலில் டேவிட் குக் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டை மெதுவாக்கி, ஆட்டமே இல்லாமல், புலம்பல் மாதிரி பாடினார். நடுவர்கள் அசந்துபோனார்கள். அந்த வருடம் ஜெயித்ததும் அவர்தான். ஆனால் அப்படி மாற்றியது அவர் இல்லை. கிறிஸ் கார்னெல் அதற்கு முந்தின வருடமே ஆல்பத்தில் அப்படிப் பாடிவிட்டார். ஆக, "ஒரிஜினாலிட்டி" என்று கொண்டாடியதும் ஒரு கவரின் கவர்தான்.

இதைவிட வேடிக்கை 'ஹல்லேலூயா' கதை. லெனார்ட் கோஹன் 1984-இல் பாடியபோது அவருடைய கம்பெனி அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிடவே மறுத்துவிட்டது. 1991-இல் ஜான் கேல் பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். அதைக் கேட்டு ஜெஃப் பக்லி 1994-இல் கிட்டாரோடு பாடினார். மூன்று வருடத்தில் அவர் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார், வயது 30. அப்புறம் 2008-இல் பிரிட்டனின் எக்ஸ் ஃபாக்டரில் ஜெயித்த அலெக்ஸாண்ட்ரா பர்க் பெரிய கோரஸ் வைத்து, சுருதி ஏற்றி, அதையே பாடினார். பக்லி ரசிகர்களுக்குக் கோபம் வந்து, போட்டிக்கு அவருடைய பழைய பதிவை வாங்கித் தள்ளினார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் வாரம் பட்டியலில் பர்க் முதலிடம், பக்லி இரண்டாமிடம், எழுதிய மனிதர் 36-ஆவது இடம். ஒரே பாட்டு, ஒரே வாரம், மூன்று குரல்.

சண்டை போட்டவர்கள் பாவம். டிவி இல்லாவிட்டால் அந்தப் பாட்டு பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது.

ஆறரைக் கட்டை (செவ்வாய், இரவு 8.10)

'ஹல்லேலூயா' திஸ்ர நடைப் பாட்டு, மூன்று மூன்றாக எண்ணும் தாளம். எந்த கார்டு (சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) வாசிக்கிறோம் என்பதையே வரியில் சொல்லிக்கொண்டு போகும். நாலாவது என்று பாடும்போது நாலாவது கார்டு, ஐந்தாவது என்றால் ஐந்தாவது. கீபோர்டு படிக்க வருபவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் கொடுப்பேன். தலைப்புக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

மிக்ஸர் பலகை (செவ்வாய், இரவு 11.48)

சவுண்ட் வேலை பார்க்கிறவன். மேடைக் கச்சேரியும் செய்கிறேன், டிவி ஷூட்டிங்குக்கும் போயிருக்கிறேன். எல்லாரும் ஃபைனல் மேடையை மனதில் வைத்தே பேசுகிறீர்கள். அண்ணன் கேட்டது ஆடிஷன்.

டிவியில் நீங்கள் கேட்பது அன்று அங்கே ஒலித்தது இல்லை. மைக் தனி டிராக், வாத்தியம் தனி டிராக், எடிட்டில் ரிவெர்ப் (எதிரொலி) போட்டு, பேலன்ஸ் பண்ணி, தேவைப்பட்டால் சுருதியைத் தட்டிச் சரிசெய்து அனுப்புவார்கள். காதில் இயர் மானிட்டர் இருக்கும், சுருதி காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் கட்ட ஆடிஷனில் பெரும்பாலும் இது எதுவும் கிடையாது. நான் பார்த்தவரை மண்டபத்தில் மணமகள் அறையையோ ஸ்டோர் ரூமையோ காலி பண்ணி, ஒரு மேஜை, இரண்டு பேர், ஒரு கேமரா. வாத்தியம் இல்லை, சில இடத்தில் மைக்கும் இல்லை. வெளியே இருநூறு பேர் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும் இரைச்சல் வேறு. முப்பது நாற்பது விநாடியில் கையைக் காட்டுவார்கள்.

இப்போது விட்னி பாடியதைப் போட்டுக் கேளுங்கள். ஆரம்பத்தில் ஏறக்குறைய 45 விநாடி வாத்தியமே கிடையாது. வெறும் குரல். முதல் சரணமும் முதல் தடவை பல்லவியும் அதற்குள் முடிந்துவிடும். படத்தில் கூட நடித்த கெவின் காஸ்ட்னர்தான் அப்படித் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். ஆடிஷனுக்கென்றே அளந்து தைத்தது போல இருக்கிறது. டொம்முக்கு மூன்று நிமிடம் தாண்ட வேண்டும், அதுவரை யாரும் உங்களைப் பாட விடப் போவதில்லை. அப்புறம் 7 கட்டைக்கு எதற்கு இவ்வளவு கவலை?

அந்தப் பிள்ளை ஆல்ட்டோ என்று அண்ணன் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். ஒருத்தரும் கவனிக்கவில்லை.

ஆறரைக் கட்டை (புதன், காலை 7.02)

அட ஆமாம். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். மற்றவர்களுக்குக் காற்று வரும் இடத்தில் ஆல்ட்டோக்காரிக்குக் குரல் வருமே! வில்லாபுரத்தண்ணே, போனில் ஒரு தம்புரா செயலி இறக்கி 5, ஐந்தரை, 6 மூன்றிலும் அந்த முதல் சரணத்தை மட்டும் பாடச் சொல்லுங்கள். எதில் பேச்சு மாதிரி வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சுருதியைக் கேட்டுவிட்டுச் செயலியை நிறுத்திவிட வேண்டும், முடித்த பிறகு மறுபடி போட்டு இறங்கியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். துணை இல்லாமல் பாடினால் எல்லாரும் கொஞ்சம் இறங்குவார்கள்.

சும்மா வந்தேன் (புதன், காலை 10.44)

பாட்டைப் பாடி யூடியூபில் போடும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கரோக்கி டிராக் வைத்துப் பாடினால், உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும், வருமானம் வந்தாலும் உரிமைக்காரருக்குப் போகும். சேனல் ஒளிபரப்பினால் அனுமதி வாங்குவது அவர்கள் பொறுப்பு. நம் காப்புரிமைச் சட்டத்தில் 31சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. முதல் பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆன பிறகுதான் அதன் கீழ் கவர் பதிவு செய்யலாம். அதிலும் பாட்டை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மேடையில் பாடுவதே வம்பாகும் காலம் இது. 2017-இல் நம்ம பண்ணைப்புரத்துக்காரர் எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாரே, ஞாபகம் இருக்கிறதா?

ஜிகர்தண்டா (புதன், காலை 10.51)

அந்த விஷயத்தைத் தொடாதீர்கள், இழை 40 பக்கம் போய்விடும்.

வில்லாபுரத்தான் (வியாழன், இரவு 10.05)

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். டாலி பார்ட்டன் பாடியதை முதல் தடவையாக இன்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மாமா, இது சண்டை போட்டுப் பிரியற பாட்டுன்னு நினைச்சேன், இவங்க நன்றி சொல்லிட்டுல்ல போறாங்க" என்றாள்.

ஐந்தரைக் கட்டை சரியாக வருகிறது. 6-இல் பாடினால் விட்னி மாதிரி செய்யப் பார்க்கிறாள், ஐந்தரையில் அவளாகவே பாடுகிறாள். எனக்கே வித்தியாசம் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கொயரில் ஆறு வருடமாக இவள் குரலைத் தனியாக நான் கேட்டதே இல்லை. கீத ஆராதனையில் எல்லாருக்கும் உச்சக் குரலான சொப்ரானோதான் காதில் விழும். நேற்றுச் சமையலறையில் நின்று பாடும்போது அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். அத்தான் மட்டும் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார்.

ஒரு சந்தேகம். உச்சரிப்பு அமெரிக்கர்கள் மாதிரி இருக்க வேண்டுமா?

தெப்பக்குளம் (வியாழன், இரவு 10.30)

வேண்டாம். மூக்கால் பேசினால் உடனே போலி என்று தெரிந்துவிடும். ஆங்கிலப் பாட்டில் நம் பிள்ளைகள் தவறுவது வேறு இடத்தில். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை நம் வழக்கப்படி ஒரு 'உ' சேர்த்து முடிப்பார்கள். அதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு உயிரெழுத்திலும் குரலை வளைத்துச் சங்கதி போடாமல் இருந்தால் போதும். டாலி எத்தனை இடத்தில் சும்மா நேராக நிற்கிறார் என்று எண்ணச் சொல்லுங்கள்.

ஆறரைக் கட்டை (வியாழன், இரவு 11.15)

பிரிந்து போகிற பாட்டு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. எத்தனை கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு இதை வாசித்திருக்கிறேன் தெரியுமா? "உன் வழிக்குத் தடையாக இருக்க மாட்டேன், போய்வருகிறேன்" என்று தொடங்கும் பாட்டு! பொண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டுவார்கள், நான் கீழே குனிந்துகொண்டு வாசிப்பேன். தலைப்பை மட்டும் பார்த்துக் கேட்கிறார்கள், காசு கொடுக்கிறார்கள், நான் ஏன் சொல்லப் போகிறேன்?

வில்லாபுரத்தான் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.20)

ஆடிஷன் முடிந்தது. மிக்ஸர் பலகை சொன்ன மாதிரியே மணமகள் அறைதான், சுவரில் பெரிய கண்ணாடியும் குங்குமக் கறையும். இந்தத் தடவை பதினொன்றரைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். மைக் இல்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன், பாதிதான் கேட்டது.

அவளுக்கு முன்னால் போன இரண்டு பெண்களும் டொம்முக்கு அடுத்த இடத்தில் தொடங்கினார்கள். இரண்டு பேரையும் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். ஜிகர்தண்டா தம்பி வாய்முகூர்த்தம்! இவள் உள்ளே போய் ஐந்தரைக் கட்டையில் முதல் வரியை எடுத்ததும் வெளியே நின்றவர்கள் பேச்சு கொஞ்சம் அடங்கியது. நடுவில் கை காட்டவே இல்லையாம். முதல் பல்லவி முடியும் வரை விட்டுவிட்டு, ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "அவ்வளவுதானா? மேலே போகலையா?" என்று கேட்டாராம். "இந்த இடம்தான் சார் எனக்குப் பிடிக்கும்" என்றாளாம். சிரித்தார்களாம்.

அப்புறம், "சரி, தமிழ்ப் பாட்டு பாடும்மா" என்றார்கள்.

அங்கேதான் மாட்டினோம். நாலு வாரமாக நாம் எல்லாரும் இந்த ஒரு பாட்டையே பேசிக்கொண்டிருந்தோம், தமிழ்ப் பாட்டைப் பற்றி ஒருத்தரும் நினைக்கவில்லை, அவள் உட்பட. வாய்க்கு வந்த ஒரு மெலடியை எடுத்திருக்கிறாள். பல்லவி நன்றாக வந்ததாம். சரணத்தின் இரண்டாவது வரி மறந்து, முதல் வரியையே இரண்டு தடவை பாடிவிட்டு வந்திருக்கிறாள். போன் செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தான் வழி முழுக்க என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்.

தெப்பக்குளம் (ஞாயிறு, இரவு 8.31)

ஐயோ. கூப்பிடுகிறார்களோ இல்லையோ, நாளைக்குச் சாயங்காலம் அவளை என் வீட்டுக்கு அனுப்புங்கள். நோட்டு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், சரணத்தை எழுதி மனப்பாடம் செய்ய.

ஜிகர்தண்டா (ஞாயிறு, இரவு 8.33)

ஐந்தரைக் கட்டைக்கு என்ன தமிழ்ப் பாட்டு நன்றாக இருக்கும்? யாராவது புது இழை தொடங்குங்கள். அத்தானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.